வரிசை எண் 87: மின்சார எந்திரம், பழையது, ஒன்று

கடைத்தெருவில் ஒரு பொருளை நடுவே வைத்தால் இரண்டு பேர் "என்னுது, என்னுது" என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதே பொருளை அரசாங்க அலுவலகத்து மேஜைமேல் வைத்துப் பாருங்கள். ஏழு பேர் "என்னுது இல்லை" என்று எழுத்துமூலமாக அடித்துக்கொள்வார்கள். முதல் சண்டையில் பொருளுக்கு விலை ஏறும். இரண்டாவதில் பொருளை வைத்திருக்கிறவனுக்கு வயசு ஏறும். வடக்கு அந்தமானில் திக்லிபூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்த தேவேந்திரனுக்கு அப்படி ஒரே மாசத்தில் பத்து வயசு ஏறியது.

ஜூலை முதல் தேதி அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. பதினோரு வருஷமாகக் கேட்டு, இரண்டு தடவை கைக்கு எட்டி நழுவிய உத்தரவு. இடம் போர்ட் பிளேயர். இப்போது அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பஸ் கண்டக்டர்கள் இன்னமும் "பிளேயர், பிளேயர்" என்றுதான் கத்துகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி ராஜகுமாரியும், பன்னிரண்டாவது படிக்கும் மகள் சங்கவியும் வாடகை வீட்டில் இருந்தார்கள். தேவேந்திரன் குடும்பஸ்தர் என்பது அவருடைய லீவு விண்ணப்பங்களைப் படித்தால்தான் தெரியும். மகளுக்குப் பால் பல் விழுந்ததிலிருந்து பத்தாவது மார்க் வந்தது வரை எல்லாவற்றையும் போனில்தான் கேட்டார்.

உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது. முப்பது நாளுக்குள் பொறுப்பை ஒப்படைத்து விடுவிப்பு பெறாவிட்டால் உத்தரவு தானாகவே ரத்தாகும். அப்புறம் மூன்று வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது.

"முப்பது நாள் என்னாத்துக்குங்க? முப்பது நிமிஷம் போதும்," என்றார் தேவேந்திரன். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து மூட்டை கட்டிக் கப்பலேறி வந்தவர்கள். மூட்டை கட்டுவது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த வேலை. அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டார். அடுத்த இருபத்தொன்பது நாளும் அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சட்டையாக உருவி உருவி உடுத்தினார்.

பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்தவன் சுதாகர். கார் நிக்கோபார் தீவிலிருந்து கப்பலில் வந்திருந்தான். நல்ல பையன், ஆனால் சூடு கண்டவன். போன இடத்தில் "தொலைநோக்கி, ஒன்று" என்று எழுதியிருந்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டு, பிற்பாடு அது ஒரு பித்தளைக் குழாய் என்று தெரியவந்து, இரண்டு வருஷம் விசாரணைக்கு அலைந்தவன். அதனால் இருப்புப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இருநூற்றுப் பதினாலு குழாயும் சரி. தராசு சரி. எலும்புக்கூடு சரி, விரல்கூட எண்ணினான். எண்பத்தாறு உருப்படி தாண்டி எண்பத்தேழுக்கு வந்தான்.

"மின்சார எந்திரம், பழையது, ஒன்று. எதண்ணே?"

தேவேந்திரன் அலமாரியிலிருந்து துணியை விலக்கிக் காட்டினார். மரப்பலகைமேல் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி வட்டுகள். வட்டு ஓரங்களில் ஈயத்தாள் பட்டைகள். இரண்டு பக்கமும் உள்ளும் வெளியும் தகடு ஒட்டிய ஜாடிகள். மேலே முகத்துக்கு முகம் பார்க்கும் இரண்டு பித்தளைக் குண்டுகள். ஒரு கைப்பிடி. பள்ளிக்கூடம் ஆரம்பித்த காலத்தில் எந்தச் சோதனைச் சாலையிலிருந்தோ கைமாறி வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் வட்டுகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும். குண்டுகளுக்கு நடுவே நீலமாகப் பொறி பாயும். கரண்டு கனெக்‌ஷன் கிடையாது, பேட்டரி கிடையாது. தையும் மாசியும் காற்று காய்ந்திருக்கும்போது பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி தேவேந்திரன் காட்டுவார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்காகவே வருஷம் முழுக்க ஈயத்தாள் துடைப்பார்.

"இதுக்குப் பேரு?"

"விம்ஷர்ஸ்ட் எந்திரம். பழைய பாடப்புத்தகத்துலயே படம் இருக்கு பாருங்க தம்பி."

சுதாகர் படத்தைப் பார்த்தான், பொருளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "படத்துல கைப்பிடி இடப்பக்கம் இருக்குண்ணே."

"அந்தப் பக்கமா நின்னு பாருங்க, இடப்பக்கம் வரும்."

"நான் நின்னு பார்ப்பேண்ணே. விசாரணை அதிகாரி நின்னு பார்ப்பாரா? கோவிச்சுக்காதீங்க. இது இன்னதுதான்னு ஒரு பெரிய மனுஷன் எழுதிக் குடுக்கட்டும், அடுத்த நிமிஷம் சைன் போடறேன்."

பெரிய மனுஷர் பக்கத்து அறையிலேயே இருந்தார். பிரின்சிபல் கிருஷ்ணமூர்த்தி. ஓய்வுக்குப் பதினாலு மாசம் பாக்கி. அந்தப் பதினாலு மாசத்தையும் கண்ணாடிப் பாத்திரம்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கெமிஸ்ட்ரி, தேவா. இது பிசிக்ஸ் சமாசாரம். நான் பார்த்தாலும் பார்க்காத மாதிரிதான். தலைமை அலுவலகத்துக்கு எழுதிடுவோம். அங்க ஒரு குழுவே இருக்கு."

இருந்தது. தீவு உபகரண அடையாளக் குழு என்று பெயர். அடையாளம் தெரியாத பழைய பொருள்களை அடையாளம் காண்பதற்கென்றே அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்குப் பதினாலு கேள்வியுள்ள ஒரு படிவம் உண்டு. முதல் கேள்வி: பொருளின் பெயர். அடிக்குறிப்பு: பெயர் தெரியாத பொருள்களுக்கு இப்படிவம் செல்லாது.

தேவேந்திரன் பெயரை எழுதி அனுப்பினார். எட்டாம் நாள் பதில் வந்தது. பெயர் தெரிந்திருப்பதால் அடையாளம் காணவேண்டிய அவசியம் எழவில்லை. எனினும் பெயர் தெரிந்ததற்கான ஆதாரம் இணைக்கப்படாததால் பெயர் தெரிந்ததாகக் கொள்ள இயலாது. ஆகவே பொருளுடன் நேரில் வரவும்.

இந்தக் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். "நேரில் வரவும்" மட்டும் புரிந்தது. போகவேண்டிய ஊர் போர்ட் பிளேயர். அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

எந்திரத்தை மெத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி நேரப் பிரயாணம். மாயாபந்தர் தாண்டுவதற்குள் கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டான்.

"யே க்யா சீஸ் ஹை, தாதா?"

தேவேந்திரன் தனக்குத் தெரிந்த இந்தியில், கையால் சுற்றிக் கரண்டு எடுக்கிற பள்ளிக்கூட சாமான் என்று விளக்கினார். கண்டக்டர் தன் கையிலிருந்த டிக்கெட் மெஷினைக் காட்டினான். சுமைக்கூலிக்கு அதில் இருக்கிற பெயர்களைத்தான் அடிக்க முடியும். சைக்கிள் இருந்தது, கோழிக்கூடை இருந்தது, டிவி இருந்தது. கைப்பிடியைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான்.

"ஹேண்டில் ஹை. சக்கா ஹை. சிலாய் மெஷின் ஹோ கயா," என்று தையல் மெஷினுக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். தீவு நிர்வாகத்தில் அந்த மாசம் யோசித்து ஒரு முடிவு எடுத்தவன் அவன் ஒருத்தன்தான்.

பாராடாங்கில் படகு ஏறி இறங்கி, காட்டு வழியில் வண்டிகளோடு வண்டியாக வரிசை கட்டி, சாயங்காலம் வந்து சேர்ந்தார். வந்ததைத் தலைமை அலுவலகத்தில் பதிந்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போகலாம் என்று வாசலில் ஆட்டோ பேசும்போது அலுவலகக் காவலாளி ஓடி வந்தான். அரசாங்கப் பொருளை இரவில் தனியார் வீட்டில் வைக்கக் கூடாதாம். பொருளை மட்டும் அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போகவும் கூடாதாம். அடையாளம் தெரியாத பொருளைக் காவலாளி வாங்கிக்கொள்ள விதி இல்லை. ஆகவே பொறுப்பாளர் பொருளோடு காவலாளி அறையிலேயே தங்கவேண்டியது. வீடு அங்கிருந்து ஒன்றரை மைல்.

ராஜகுமாரி டிபன் கேரியரில் சோறு கொண்டுவந்தாள். துணியால் சுற்றிய எந்திரம் பெஞ்சுமேல் இருந்தது. தேவேந்திரன் தரையில் இருந்தார்.

"என்னாங்க, நீங்க கட்டிக்கிட்டது என்னையா, இதையா?"

"பதினெட்டு நாள்தான் குமாரி பாக்கி. நாளைக்கு எழுதிக் குடுத்துருவாங்க."

"புள்ள கேக்குது, அப்பா ஊருக்கு வந்தும் ஏன் வீட்டுக்கு வரலன்னு. நான் என்னா சொல்ல? அப்பா ஒரு சாமானுக்குத் தொணைக்குப் படுத்திருக்காருன்னா?"

காவலாளி வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்றான்.

மறுநாள் குழு கூடியது. தலைவர் உதயசூரியன், நெற்றி நிறைய விபூதியும் மேஜை நிறையக் கோப்புமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் மின்துறை எஞ்சினியர் நந்தகுமார். இடப்பக்கம் ப்ரியங்கா, அருங்காட்சியகத்து அதிகாரி. வெளியே சாய்ந்து அடித்த மழை ஜன்னல் வழியாக உள்ளேயும் வந்துகொண்டிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தேவேந்திரன், பயப்படாதீங்க. எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் என் மேல ஒரு புகார் கிடையாது. ஏன்னு கேளுங்க."

"ஏங்க சார்?"

"இதுவரைக்கும் நான் ஒரு முடிவு எடுத்தது கிடையாது. நந்தகுமார், நீங்க பாருங்க."

நந்தகுமார் பார்த்தார், எட்டியிருந்தே. "எத்தனை வோல்ட்?"

"புத்தகத்துல அம்பதாயிரம்னு போட்டிருக்குங்க."

நந்தகுமாரின் நாற்காலி ஓரடி பின்னால் போனது. "அறுநூத்தம்பதுக்கு மேல போனாலே உயர் அழுத்தம். வேலி போடணும், ரப்பர் பாய் போடணும், மண்டையோட்டு போர்டு மாட்டணும். சரி, சப்ளை எங்கிருந்து எடுக்குது? கனெக்‌ஷன் நம்பர் என்ன?"

"கனெக்‌ஷன் இல்லீங்க. கையால சுத்துறதுதான்."

"சப்ளை இல்லாம கரண்டா? அப்ப இது உபகரணமே இல்ல. உற்பத்தி நிலையம். அதுக்கு லைசென்ஸ் வேற. கரண்ட் வராட்டி எங்களுக்குப் பிரச்சினையே இல்ல சார், பழகிப்போச்சு. எங்களைக் கேக்காம வந்துதுன்னா அதுதான் பிரச்சினை. எங்களோடது இல்லைன்னு எழுதிக்குங்க."

அடுத்தது ப்ரியங்கா. அவளுக்கு விஷயம் தெரியும் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. வட்டு ஒன்றா இரண்டா, உராய்கிற மெத்தை இருக்கிறதா, பட்டைகள் எத்தனை என்று சரியான இடங்களில் கண் போயிற்று. தேவேந்திரனுக்கு உயிர் வந்தது.

"ரெண்டு வட்டு, எதிரெதிரா சுத்துது. உரசுற வகை இல்ல, தூண்டல் வகை. நீங்க சொல்ற பேர்தான்னு நானும் நினைக்கறேன்," என்றாள்.

"அதை எழுதிக் குடுத்தீங்கன்னா மேடம்..."

"எப்படிக் குடுக்கறது? நூறு வருஷத்துக்கு மேற்பட்டதா இருந்தா தொல்பொருள். தொடக்கூடாது. வயசு தெரியணும்னா செஞ்சவங்க பேர் தெரியணும். பேர் பலகைக்கு அடியில இருக்கும். அடியில பார்க்கத் தூக்கணும். நூறு வருஷம் ஆயிருந்தா தூக்கக் கூடாது."

"நான் தூக்கிக்கிட்டுத்தானே மேடம் வந்தேன்? பன்னெண்டு மணி நேரம் மடியில வெச்சிருந்தேன்."

"அதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். நூறு வருஷம் ஆகலைன்னா அது வெறும் பழசு. பழசு எங்களுது இல்ல. அப்படியே எங்களுதுன்னாலும் எங்ககிட்ட காலிக் கண்ணாடிப் பெட்டி கிடையாது. உள்ள இருக்கறது ஏதாவது உடைஞ்சாத்தான் இடம் வரும்."

தலைவர் இரண்டு பக்கமும் தலையாட்டி ரசித்தார். பிறகு, "சரி, பொறி வருதா பார்ப்போம். சுத்துங்க," என்றார்.

தேவேந்திரன் சுற்றினார். வட்டுகள் கிறுகிறுவென்று சுழன்றன. குண்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன. ஜூலை மாச அந்தமான் காற்று, பிழிந்தால் சொட்டும். சேருகிற மின்சாரமெல்லாம் ஈரத்தில் கசிந்து போய்க்கொண்டிருந்தது. அதைச் சொன்னார்.

"மழை காலத்துல வேலை செய்யாதா? நாங்கள்லாம் செய்யலையா?" என்றார் தலைவர். மழை மேஜைக்கு வந்துவிட்டதால் கோப்பை மூடினார். "நாங்களே நேர்ல உங்க ஊருக்கு வந்து செயல்முறை விளக்கம் பார்க்கறோம். இருபத்தெட்டாம் தேதி. அப்படியே அந்தப் பக்கம் ரெண்டு தீவு சேர்ற மணல் திட்டு இருக்குல்ல? அதையும் ஆய்வு செய்யலாம்."

தேவேந்திரன் எந்திரத்தோடு பஸ் ஏறினார். ஸ்டாண்டில் சங்கவி ஸ்கூல் யூனிபார்மோடு நின்று கையாட்டினாள். பத்து நிமிஷம் கிடைத்தது. அதில் நாலு நிமிஷம் சுமைச்சீட்டுக்குப் போயிற்று.

திக்லிபூரில் அவர் மேஜை விளக்கு வைத்துப் பார்த்தார், அடுப்புக் கரி வைத்துப் பார்த்தார். ஈரம் மசியவில்லை. கடைசியில் கொப்பரை வியாபாரி அழகர்சாமியிடம் போனார். உடன்குடிக்காரர், தேங்காய் காயவைக்கிற டிரையர் வைத்திருந்தார். விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு வாயிலிருந்த பாக்கைத் துப்பினார்.

"ஏம்வே, சாமான் இன்னதுன்னு உமக்குத் தெரியும். அந்தப் பயலுக்குத் தெரியும். அந்தம்மாவுக்கும் தெரியும். பிறகு எதுக்குவே கூட்டம்?"

"தெரிஞ்சா மட்டும் போதாதாம், எழுதணுமாம்."

"ஏவாரத்துல இப்படி ஒருத்தன் நின்னாம்னா அவன் வாங்க வந்தவன் இல்ல, மழைக்கு ஒதுங்கினவன்னு தள்ளி விட்டிருவோம். சரி, வையும் உள்ள. சூட்டைக் கம்மி பண்ணச் சொல்லுதேன், கண்ணாடி தெறிச்சிரப் போவுது. ஒரு ராத்திரி, ஒரு பகல். கொப்பரையே காயுது, இது காயாதா?"

காய்ந்தது. இருபத்தெட்டாம் தேதி, மணல் திட்டை ஆய்வு செய்து முடித்துக் கால்சட்டை ஓரமெல்லாம் மணலாகக் குழு வந்து சேர்ந்தது. ஆய்வகம் முழுக்கக் கொப்பரை வாசனை. ப்ரியங்கா குறிப்பேட்டில் "தேங்காய் மணம், சமையல் தொடர்பு இருக்கலாம்" என்று எழுதுவதைத் தேவேந்திரன் ஓரக்கண்ணால் பார்த்தார். மேஜையைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளி நந்தகுமார் கயிறு கட்டச் சொன்னார்.

"ஓடும்போது எந்த மனுஷனும் கயித்துக்கு உள்ள இருக்கக் கூடாது."

"கையால சுத்துறதுங்க. எனக்குக் கை மூணு மீட்டர் இல்லீங்களே."

நந்தகுமார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் முகம் மலர்ந்தது. "ஆபரேட்டர்னாதான் அனுமதி வேணும். உபகரணத்தோட உதிரி பாகம்னா வேணாம். உதிரி பாகம்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைக்காத தேவேந்திரன், தான் ஒரு உதிரி பாகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தார்.

சுற்றினார். முதலில் ஒரு சீறல். மழைக்கு முந்தின வாடைபோல ஒரு வாடை. பிறகு, பளார். ஒரு விரல் நீளத்துக்கு நீலப் பொறி. மறுபடி பளார். பளார். ஜன்னலுக்கு வெளியே எட்டாம் வகுப்பு மொத்தமும் கூச்சல் போட்டது. சுதாகர் கை தட்டிவிட்டான். பிரின்சிபல் தன்னை மறந்து "சபாஷ் தேவா" என்றார். தலைவர் உதயசூரியனே எழுந்து நின்றுவிட்டார்; அவர் வாய் திறந்தபடி இருந்த அந்தக் கால் நிமிஷம், எந்திரம் என்னவென்று அந்த அறையில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

பிறகு தலைவர் உட்கார்ந்தார்.

"நான் பொறியைப் பார்த்தேன். மறுக்கலை. ஆனா நான் பார்த்தது பதிவு ஆகாது. நந்தகுமார், மின்சாரம்னு எழுதலாமா?"

"எழுதினா எங்க துறை பொறுப்பேத்துக்கணும் சார். லைசென்ஸ் இல்லாத உற்பத்திக்கு நானே சாட்சி ஆயிடுவேன்."

"ப்ரியங்கா, பழமையான விஞ்ஞானக் கருவின்னு?"

"எழுதினா இப்ப சுத்தினதுக்கு நாம எல்லாரும் குற்றவாளி சார்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கோப்பை விரலால் தடவினார். தடவிய விரல் ஒரு சின்னக் காகிதத்தில் நின்றது. பயணப்படிக்கு ஆதாரமாகத் தேவேந்திரன் இணைத்திருந்த சுமைச்சீட்டு. தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தையல் மெஷின், ஒன்று. அப்பா! இது முன்னாடியே அடையாளம் காணப்பட்டிருக்கே!"

"அது கண்டக்டர் போட்டதுங்க சார்! அவன் மெஷின்ல வேற பேரு இல்லீங்க!"

"கண்டக்டர் யாரு? அரசு ஊழியர். எப்போ போட்டார்? பணி நேரத்துல. இது என்ன? வரிசை எண்ணோட அச்சான அரசு ஆவணம். உங்க புத்தகத்துல ஓவியம் வரைஞ்சவன் அரசு ஊழியனா? சொல்லுங்க. தேவேந்திரன், நாங்க புதுசா ஒண்ணும் சொல்லலை. இருக்கறதை ஏத்துக்கறோம். நிர்வாகம்னா அதுதான்."

நந்தகுமாருக்கு ஆட்சேபணை இல்லை. தையல் மெஷினுக்கு வோல்ட் கிடையாது. ப்ரியங்கா ஒரு நிமிஷம் எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்குங்க," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மூன்று கையெழுத்து, இரண்டு முத்திரை. குழு ஆரம்பித்து ஆறு வருஷத்தில் அடையாளம் கண்ட முதல் பொருள் அதுதான் என்று தலைவர் காரில் ஏறும்போது சொன்னார். குரல் தழுதழுத்தது.

தேவேந்திரன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். தையல் மெஷினோ தயிர் கடைகிற மத்தோ, ஒரு பெயர் வந்துவிட்டது; விடுவிப்பு கிடைத்தால் போதும். மறுநாள், இருபத்தொன்பதாம் நாள், அறிக்கையைச் சுதாகர் முன்னால் வைத்தார்.

சுதாகர் அறிக்கையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தான். அவன் முகம் வாடுவதைத் தேவேந்திரன் நேருக்கு நேர் பார்த்தார்.

"அண்ணே, இது தையல் மெஷின்னா..."

"சொல்லுங்க தம்பி."

"எண்பத்தேழாம் உருப்படி எங்கண்ணே? பதிவேட்டுல மின்சார எந்திரம் ஒண்ணு இருக்கணும். இங்க தையல் மெஷின் ஒண்ணு இருக்கு. அப்ப ஒரு சாமான் குறையுது. ஒரு சாமான் கூடுது."

"நேத்து நீங்களும்தானே தம்பி பார்த்தீங்க? கை தட்டினீங்களே!"

"தட்டினேண்ணே. இப்பவும் தட்டறேன். சைன் மட்டும் ஏலாதுண்ணே." தேவேந்திரனோடு ஒரு மாசம் இருந்ததில் அவருடைய "ஏலாது" என்ற தோட்டத்துச் சொல் அவனுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கு அம்மா இருக்காங்கண்ணே கடலூர்ல. இன்னொரு விசாரணை வந்தா செத்துருவாங்க."

பிரின்சிபலிடம் போனார்கள். அவர் அறிக்கையைத் தொடாமலே படித்தார். கூடுதலாக இருக்கிற தையல் மெஷின் எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று தேவேந்திரன் விளக்கம் தரவேண்டி வரலாம் என்றும், அதற்கு இன்னொரு குழு இருக்கிறது என்றும் சொன்னார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். அறிக்கையைத் திருத்தலாமா என்று கேட்டதற்கு, திருத்தலாம், ஆனால் அடையாளம் தெரிந்துவிட்ட பொருளை மறுபடி அடையாளம் தெரியாததாக ஆக்கினால்தான் குழு அதை எடுத்துக்கொள்ள முடியும், அதற்கு மூணு மாசம் ஆகும் என்று பதில் வந்தது.

முப்பதாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். ஐந்து மணிக்கு உத்தரவு செத்துவிடும். மூன்று வருஷம். சங்கவி அதற்குள் மெயின்லாண்டில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருப்பாள். அவர் வந்து சேரும்போது வீட்டில் மகள் இருக்கமாட்டாள்.

ராஜகுமாரி எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை; வார்டில் ஊசி போடுகிற குரலில் பேசினாள்.

"பதினோரு வருஷமா அதைத் தொடச்சு தொடச்சு வெச்சீங்கள்ல? அது பாழாப் போக. என்னைக்கோ அதைத் தொலைச்சுட்டு வந்து நின்னிருந்தீங்கன்னா இந்நேரம் நம்ம மனுசங்களா வாழ்ந்திருப்போம். வெச்சிருக்கிறவனைத்தான் இவங்க போட்டு வதைக்கிறாங்க."

போனை வைத்தபிறகு தேவேந்திரன் மேஜைமேல் இருந்த எந்திரத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பிரின்சிபல் அறைக்குப் போனார்.

"சார், எண்பத்தேழாம் உருப்படி காணோங்க சார்."

"என்னது?"

"காணோங்க. எங்கயோ தொலைஞ்சு போச்சு. என் கவனக்குறைவுதான்."

பிரின்சிபல் கிருஷ்ணமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மாசமாக இல்லாத தெளிவு அவர் முகத்தில் வந்தது. "காணோமா? அட தேவா, இதை முதல் நாளே சொல்லியிருக்கப்படாதா? தொலைஞ்சதுக்குத்தான் தெளிவா விதி இருக்கே!"

இழுப்பறையைத் திறந்தார். தொலைந்த பொருள் படிவம். கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தது. ஒரு பக்கம், மூன்று வரி. அடிக்குறிப்பு எதுவும் இல்லை. உரியவர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பிரின்சிபல் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பொறுப்பேற்பவர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பணிப் பதிவேட்டில் "கவனக்குறைவு" என்று ஒரு வரி ஏறும். அவ்வளவுதான்.

"ஆய்வகத்துல நேர்ல தேடினதா போட்டிருக்கு. விதியை மீறக் கூடாது, வாங்க," என்று பிரின்சிபல் முன்னால் நடந்தார். மூன்று பேரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். பிரின்சிபல் கூரையைப் பார்த்தார், எலும்புக்கூட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், "இல்லையே" என்றார். சுதாகர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, "இல்ல சார்" என்றான். படிவத்தை விரித்து எழுத மேஜையில் இடம் போதவில்லை. பிரின்சிபல் கண்ணாடி வட்டுகளை நாசூக்காகப் பிடித்து எந்திரத்தை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நகர்த்தின வேகத்தில் வட்டு கால் சுற்றுச் சுற்றி நின்றது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தேவேந்திரன் கடைசியாகப் போட்டார். பேனா "கவனக்குறைவு" என்ற சொல்லின்மேல் கொஞ்சம் நின்றது. எந்தச் சாமானை எந்த மழைக்காலத்தில் எந்தத் துணியில் சுற்றவேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். போட்டுவிட்டார். சுதாகர் பொறுப்பு ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். நாலு ஐம்பதுக்கு விடுவிப்பு ஆணையில் முத்திரை விழுந்தது. பிரின்சிபல் கை கொடுத்து, "ஒரு நாள் வேலை. சும்மா ஒரு மாசம் இழுத்துட்டீங்க," என்று செல்லமாகக் கடிந்துகொண்டார்.

தேவேந்திரன் ஆணையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அது இருக்கிறதா என்று மேலேயே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து சுதாகர் கூப்பிட்டான். அவன் மேஜை ஓரத்தில், என்ன செய்வதென்று தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"அண்ணே, அப்ப இதை என்னண்ணே பண்றது?"

தேவேந்திரன் திரும்பினார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து பித்தளைக் குண்டுகள்மேல் விழுந்திருந்தது. அவர் அந்த இடத்தை நேராகப் பார்த்தார்; நன்றாகவே பார்த்தார்.

"எதைத் தம்பி?" என்றார்.